இருநூற்றுப் பதினேழாம் தோட்டா

முதல் அநியாயம் ஓடை. ஏழாம் காட்டிலிருந்து எங்கள் லைன் வீடுகளுக்கு இறங்கி வந்த ஓடையைத் தேயிலை ஃபாக்டரிக்குத் திருப்பிவிட்டு, உங்களுக்கு வாரம் இரண்டு லாரித் தண்ணீர் என்றார்கள். இரண்டாவது, பிள்ளைக் காப்பகத்தைக் காலி செய்து அதில் உரச்சாக்கு அடுக்கியது. மூன்றாவது தராசு: கொழுந்தில் ஈரம் என்று கூடைக்கு இரண்டு கிலோ கழித்தவர்கள், மழையே காணாத மாசியிலும் அதே இரண்டு கிலோவைக் கழித்தது. நான்காவது, அதைக் கேட்ட பதினாறு பேரைச் செக்ரோலிலிருந்து அடித்தது. செக்ரோல் என்பது வேலையாட்களின் பெயர்ப் புத்தகம். அதில் பெயர் இருந்தால்தான் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிடும்போது ‘வந்தேன்’ என்று சொல்ல முடியும். ஐந்தாவது, அந்தப் பெரட்டுக்களத்திலேயே ஐப்பசி பதினொன்றாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு எங்கள்மேல் சுட்டது. ஒரு குண்டு, ஒரு பெண். ஆறாவது, அந்தக் குண்டு உலகத்தில் உள்ள எந்தத் துப்பாக்கிக்கும் சேராதது, ஆகவே யாரும் சுடவில்லை என்று விசாரணைக் கமிஷன் அறிக்கை எழுதியது.

வரிசை பிசகினால் கம்பெனி வக்கீல் சிரிப்பார் என்பதால் நாற்பது வருஷமாக எதையும் வரிசையாகவே சொல்லிப் பழகியவன் நான். நெடுங்கானம் எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்று, மிச்சப் படிப்பைத் துண்டறிக்கைகளில் படித்தவன். மேலே சொன்ன ஆறையும் அச்சடித்து மலை முழுக்கக் கொடுத்திருக்கிறேன். ஏழாவது எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை. அதை நாங்கள் செய்தோம். நாங்கள் என்பதுகூட மேடைப் பழக்கம்தான். செய்தது நான்.

செத்தவள் பெயர் முப்பிடாதி. கீழே சமவெளியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு மலையேறி வந்தவள். செக்ரோலில் பெயர் இல்லாதவள். அப்படிப்பட்ட பெண்கள் எங்களிடம் அவளைத் தவிர இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். காய்ச்சல்காரி, பிள்ளை பெற்றவள், முதுகு விழுந்தவள் என்று யாராவது படுத்தால், அவள் பெயருக்கு இவர்கள் வேலைக்குப் போவார்கள். பெயர் கூப்பிட்டதும் முக்காட்டுக்குள்ளிருந்து ‘வந்தேன்’ என்பார்கள். கங்காணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி அடுத்த பெயருக்குப் போவார். அந்த வாரம் இருநூற்றுப் பதினேழாம் எண் பூலம்மாளுக்கு டைபாய்டு. அவள் பெயருக்கு முப்பிடாதி போனாள், ஐந்தாம் நாள் விழுந்தாள். இருநூற்றுப் பதினேழு வந்ததாகப் புத்தகத்தில் இருந்தது, ஆகவே இருநூற்றுப் பதினேழு செத்ததாக எழுத வந்தார்கள். அடையாளம் காட்டச் சொல்லி என்னிடம் நீட்டிய காகிதத்தில், கள்ளப் பெயரில் வேலை பார்த்ததென்று முப்பது பேரையும் விரட்டி, பெயர் கொடுத்த முப்பது பேரையும் செக்ரோலிலிருந்து அடித்துவிடுவார்களே, சங்கத்தையே கள்ளப்பேர்ச் சங்கம் என்பார்களே என்ற பயத்தில், என் கையாலேயே ‘பூலம்மாள்’ என்று எழுதினேன்.

உயிரோடு இருந்த பூலம்மாளைச் சங்க அலுவலகத்தின் பின்னறையில், கொடிகளும் துண்டறிக்கைக் கட்டுகளும் கிடக்கிற அறையில் வைத்தேன். இரண்டு மாதம் என்று சொன்னேன். மூன்று வருஷம் ஆயிற்று. புருஷனை யானை அடித்த பிறகு அவளுக்கென்று இருந்தது செல்லக்கிளி என்ற மகள் மட்டும்தான். நாலு வயதில் அம்மா செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பிள்ளை, வருஷா வருஷம் ஐப்பசி பதினொன்றாம் தேதி, பெரட்டுக்களத்தில் நான் எழுப்பிய தியாகி பூலம்மாள் தூணுக்கு மாலை போடும். பின்னறை ஜன்னலில் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்த கதவு வழியாக அம்மாக்காரி அதைப் பார்ப்பாள். லைன் முழுக்க நானூறு பேருக்கும் தெரியும். செயலாளர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக நானூறு வாயும் மூடியிருந்தன. முப்பிடாதியின் அண்ணன் ஒருமுறை மலையேறி வந்து தங்கச்சியைக் கேட்டான். கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். “பாத்தா அம்மா கேட்டான்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

இனி தோட்டாக்களின் கதை.

கமிஷனில் சாட்சி சொல்ல வேதமுத்துவைக் கூப்பிட்டார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பது வருஷம் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்று, எங்கள் கடைவீதியில், பன்றி விரட்ட உரிமம் வாங்கியவர்களின் துப்பாக்கிகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். உடம்பிலிருந்து எடுத்த குண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார், அளந்தார், மறுபடியும் அளந்தார்.

“இது தோட்டாக் கம்பெனி செஞ்ச சரக்கு இல்லைங்கய்யா. குண்டுங்கது முன்னால பறக்கிற ஈயம். தோட்டாங்கது அதைத் தாங்குற பித்தளைக் கூடு. எவனோ ஒரு தோட்டாவோட கழுத்த ஒடுக்கி, அதுக்குள்ள அதுக்குரியதில்லாத குண்ட வச்சிருக்கான். வேட்டைக்காரங்க இதுக்குக் காட்டுப்பூனைன்னு பேரு வச்சிருக்காங்க. அடியில பழைய பேருதான் குத்தியிருக்கும். உடம்பு மாறிப்போகும், அடிப்பேரு மாறாது. செஞ்சவனுக்கே குழம்பிரக் கூடாதுன்னு, புதுப்பேர ஊசியால கழுத்துல கீறி வச்சுக்கிடுவான்.”

“அந்தத் தோட்டா எப்படி இருந்திருக்கும்?” என்று நீதிபதி கேட்டார்.

“நினைச்சுப் பாத்துதான் சொல்லணும்.”

“நினைத்துப் பாருங்கள்” என்றார் நீதிபதி. தட்டச்சர் அதையும் அடித்துக்கொண்டார்.

அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்கு அது உத்தரவு. எண்பது பக்க நோட்டு வாங்கி நினைக்க உட்கார்ந்தார். அவர் நினைத்து முடிப்பதற்குள், அவரைக் கேட்காமலே அறிக்கை எழுதிக் கமிஷனைக் கலைத்துவிட்டார்கள். நினைப்பதை நிறுத்தலாமா என்று இரண்டு முறை கடிதம் போட்டார். அப்படி ஒரு கமிஷன் இப்போது இல்லை என்று பதில் வந்தது. இல்லாத கமிஷன் உத்தரவை எப்படித் திரும்பப் பெறும் என்று அவர் நினைப்பதைத் தொடர்ந்தார். கொக்குக் கழுத்துத் தோட்டா, உரல் மாதிரிக் குட்டைத் தோட்டா, கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் கைத்துப்பாக்கித் தோட்டா, சுவர் மூலையில் திரும்பிப் போகும் குண்டுக்கான தோட்டா, சுட்ட கைக்கே திரும்பி வரும் குண்டுக்கான தோட்டா என்று ஒவ்வொன்றாக நினைத்து, பென்சிலால் வரைந்து, தேதி போட்டார். ஒன்றையும் அவர் செய்யவில்லை. செய்வதற்கு அவரிடம் பித்தளையும் இல்லை, உரிமமும் இல்லை.

துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு வருஷம் கழிந்து வந்த தை மூன்றாம் நாள் ஏழாம் காட்டில் கொழுந்து கிள்ளப் போன பெண்கள், தேயிலைச் செடியின் கவைகளில் தோட்டாக்கள் காய்த்திருப்பதைக் கண்டார்கள். சிலது இலைக்கடியில் பனியோடு தொங்கியது, சிலது தூரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, கிள்ளினால் காம்பிலிருந்து விடுபடுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு கையோடு வந்தது. அவர்கள் அதைக் கொழுந்தோடு கூடையில் போட்டார்கள், எடை போடுகிறவர் ஈரத்துக்கு இரண்டும் இரும்புக்கு ஒன்றும் கழித்தார், இது இரும்பு இல்லை பித்தளை என்று அன்று மாலை வரைக்கும் தராசடியில் தகராறு நடந்தது. வேதமுத்துவிடம் கொண்டுபோனதும் அவர் நோட்டைத் திறந்தார். “இது நான் ஆடி நாலாம் தேதி நினைச்சது. இது ஆவணி. இது, எனக்குக் காதுவலி வந்தப்ப நினைச்சது, அதான் கொஞ்சம் கோணல்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

எல்லாத் தோட்டாவிலும் மருந்து இருந்தது. காதோரம் ஆட்டினால் காய்ந்த கொத்தமல்லி மாதிரிச் சத்தம் கேட்டது. நுனியில் குண்டும் இருந்தது. எந்தத் துப்பாக்கியிலும் நுழையாது என்று வேதமுத்து சத்தியம் செய்தார். அதனால் எங்களுக்குப் பயம் குறையவில்லை. இங்கே ஒருவர் தோட்டாவை நினைத்தால் அது செடியில் காய்க்கிறது என்றால், வேறெங்கோ ஒருவர் இதற்கேற்ற துப்பாக்கியை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்.

முதல் வாரம் அவற்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள், கொடிக்கயிற்றுக்குப் பாரம் கட்டினார்கள். அருளாயி ஒன்றைக் குங்குமச் செப்பாக்கலாம் என்று புளி போட்டுத் தேய்த்தபோதுதான், அடியில் தோட்டாக் கம்பெனியின் பேர் இருக்கவேண்டிய வட்டத்தில், ‘எண் 88, அருளாயி’ என்று குத்தியிருந்ததைப் பார்த்தாள். அன்றைக்குக் கடைவீதியில் புளி தீர்ந்துபோயிற்று. தேய்த்த ஒவ்வொன்றிலும் செக்ரோல் எண்ணும் பெயரும் இருந்தது. பெயர் வந்தவர்கள் தூங்கவில்லை, பெயர் வராதவர்கள் அதைவிடத் தூங்கவில்லை. தன் பெயர்த் தோட்டா யார் கையில் இருக்கிறதோ என்ற எண்ணத்தில் மாமனும் மருமகனும் ஒருவர் மடியை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். பிறகு, எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிடுவது போல, இதற்கும் வந்தது. பிறர் பெயரைக் கண்டெடுத்தவர் அதை வெற்றிலை மேல் வைத்து உரியவரிடம் கொடுக்க வேண்டும். உரியவர் அதைத் தன் வீட்டுக்குள் தானே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தன் தோட்டா தன்னிடம் இருக்கும்வரை அதை வைத்து யாரும் தன்னைச் சுட முடியாது. அந்தப் பங்குனியில் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பில் தங்கள் தோட்டாவை முடிந்துகொண்டுதான் புருஷன் வீட்டுக்குப் போனார்கள். வாய்ச்சண்டையில்கூட, “உன் தோட்டாவ எடுத்து அடுப்புல போட்டுருவேன்” என்பது வந்துவிட்டது. என்னுடையது ஒன்றாம் எண். உரல் மாதிரிக் குட்டை. அதைக் கையில் வாங்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆனாலும் வேதமுத்துவை மேற்கொண்டு நினைக்க விடக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். அவரைத் தனியாக விடாமல் முறை வைத்தோம். காலையில் ஒரு கூட்டம் போய் ஞானப்பாட்டுப் பாட வைக்கும், மத்தியானம் ஒரு கூட்டம் தாயம் உருட்டும், சாயந்தரம் போகிறவர்கள் நெத்திலிக் கருவாட்டுக்குக் கத்தரிக்காயா மாங்காயா என்று கேட்டு அவரைச் சண்டைக்கு இழுப்பார்கள்.

“ஒண்ணுக்குப் போறப்பவாவது தனியா விடுங்கவே” என்றார் என்னிடம்.

“அங்கதான் ஓய் மனுசன் ரொம்ப நினைப்பான்.”

“நான் நிறுத்தச் சொல்லித்தான் எழுதிக் கேட்டேன். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லைன்னுட்டான். நீரு சொன்னா நிக்குமா?”

நின்றது என்றுதான் நினைத்தோம். ஆனி மாதத்துக்குப் பிறகு ஒன்றும் காய்க்கவில்லை. எண்ணிப் பார்த்தோம். துப்பாக்கிச் சூடு நடந்த அன்று செக்ரோலில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர். வந்தது நானூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பதினேழு மட்டும் வரவில்லை.

சோறு கொண்டுபோனபோது பூலம்மாள் கேட்டாள். மூன்று வருஷத்தில் வெயில் படாமல் அவள் நிறம் வெளுத்திருந்தது. பொழுது போகாமல் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து, என் துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள்.

“எல்லாருக்கும் வந்துட்டாம்லா அண்ணாச்சி.”

“வராதது நல்லதுதான் பூலம்மா. அது என்ன தங்கமா வைரமா. சாவு அது.”

“உசுரோட இருக்கவங்களுக்குத்தான சாவு வரும். எனக்கு வரலைன்னா என்ன அர்த்தம்?”

நான் தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

“என்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கீரு. அஞ்சாத நெஞ்சாம், முதல் வரிசையில நின்னேனாம். நான் அன்னைக்குக் கம்பளிக்குள்ள பிதற்றிக்கிட்டுக் கிடந்தேன். முதல் வரிசையில நின்னது அவ. அவளப் பத்தி ஒரு வரி இருக்கான்னு ஒவ்வொரு கட்டா அவுத்துப் பாத்தேன். இல்லை.”

“முப்பது பேர் வேலை இருக்கு இதுல. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அந்த வேதமுத்து அண்ணாச்சிய ஒரே ஒரு மணி நேரம் தனியா விடச் சொல்லுங்க. எனக்கும் ஒண்ணு நினைக்கட்டும்.”

முடியாது என்றேன். கோபமாகச் சொன்னதாக ஞாபகம். உண்மையில் எனக்கு இருந்தது கோபம் இல்லை. அந்தத் தோட்டா காய்த்தால் அதை வெற்றிலையில் வைத்து யாரிடம் கொடுப்பார்கள் என்ற கேள்வி ஒன்றுதான் எனக்குள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் மத்தியான முறைக்குப் போன பெண்கள் தாயக்கட்டையை வேதமுத்து முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம். மறுநாள் காலை, பெரட்டுக்களத்து ஓரத்தில் முப்பிடாதி விழுந்த இடத்தில் நிற்கிற தேயிலைச் செடியில் அது இருந்தது. அடி பருத்து, தோள் சரிந்து, கழுத்து மட்டும் யாரோ இரண்டு விரலால் நெரித்தது போல ஒடுங்கியிருந்தது. வேதமுத்து அதை அளந்தார். கமிஷனில் காட்டிய குண்டின் அளவு நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

“இதுதான்வே அது” என்றார்.

அடியில் ‘எண் 217, பூலம்மாள்’ என்று இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. வெற்றிலையில் வைத்து அதைப் பெண்கள் என் முன்னாலேயே பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். நான் வழி மறிக்கவில்லை.

அதற்குள் ஃபாக்டரியில் கொழுந்து உருட்டுகிற இயந்திரத்தில் பித்தளை சிக்கிப் பல் உடைந்து, மானேஜர் புகார் கொடுத்திருந்தார். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். ஐப்பசி பதினொன்றாம் தேதி காலை, தூணுக்கு மாலை போட நாங்கள் கூடியிருந்த நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் நியாயமாகப் பேசினார். வீடு வீடாகப் புகுந்து சோதனை போட வேண்டாம், அவரவர் கொண்டுவந்து ஒப்படைத்தால் மகஜர் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன், வழக்கு போடுவதை மேலே கேட்டுக்கொள்ளலாம் என்றார். மகஜர் என்றால் கைப்பற்றிய பொருள் ஒவ்வொன்றையும் சாட்சிகள் முன்னால் வாசித்துப் பட்டியல் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தபால்காரரையும் ரேஷன் கடைக்காரரையும் சாட்சியாக நிற்க வைத்தார்கள். பெரட்டுக்களத்து மேஜையில் ஸ்டேஷன் ரைட்டர் உட்கார்ந்தார். பக்கத்தில் எஸ்டேட் கணக்குப்பிள்ளை செக்ரோலோடு நின்றார்.

ஒவ்வொருவராகப் போனார்கள். ரைட்டர் தோட்டாவைத் திருப்பி அடியைப் படித்தார். “எண் ஒன்று, சங்கச் செயலாளர்.” நான் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். முப்பத்தொன்பது வரை இடறலில்லாமல் போயிற்று. நாற்பதில் நின்றார்.

“எண் நாற்பது, மாரித்தாய். ஐயா, இதுல கழுத்துலயும் ஏதோ கீறியிருக்கு.”

“இருக்கிறதைப் படிப்பா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கழுத்தில், சுப்பாத்தா.”

“வந்தேன்” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. முதுகு விழுந்த மாரித்தாய் பெயருக்கு ஆறு வருஷமாக வேலைக்குப் போகிற சுப்பாத்தா. அவள் சொன்னபோது முக்காட்டை எடுத்திருந்தாள். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து அவள் பெயரைத் தன் சட்டைப்பைத் தாளில் குறித்துக்கொண்டார். எதற்குக் குறிக்கிறார் என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை. ஐம்பத்திரண்டின் கழுத்தில், பொன்னுத்தாய். வந்தேன். எழுபதின் கழுத்தில், இசக்கியம்மாள். வந்தேன். முப்பது பேரும் சேலை ஊக்கால் தங்கள் பெயரைக் கீறியிருந்தார்கள், பெயர் கொடுத்த முப்பது பேரும் கீற விட்டிருந்தார்கள். எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள், யார் தலைமை தாங்கினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் நான் இல்லாமல் நடந்த முதல் தீர்மானம் அது.

கடைசியில் மேஜை மேல் நானூற்றுப் பதினொன்று இருந்தது.

“இருநூற்றுப் பதினேழு விட்டிருக்கு” என்றார் ரைட்டர்.

“அது செத்துப்போச்சு. இந்தா தூணு” என்றார் கணக்குப்பிள்ளை.

சங்க அலுவலகத்தின் பின்கதவு திறந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பூலம்மாள் வெளியே வந்தாள். மாலையோடு தூணருகே நின்ற செல்லக்கிளி, தூணில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தது, வருகிறவளைப் பார்த்தது, மாலையைக் கீழே போடவும் இல்லை, தூணுக்குப் போடவும் இல்லை. பூலம்மாள் போகிற வழியில் மகளின் தலையில் கை வைத்து, அப்படியே அதையும் கூட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

“யாரும்மா நீ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இருநூத்திப் பதினேழு.”

“இறந்துட்டதா இருக்கே.”

“அப்படித்தான் அண்ணாச்சி எழுதிக் கொடுத்திருக்காரு” என்று சொல்லி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். கூட்டத்தைத் திருப்ப எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பிலிருந்து தோட்டாவை அவிழ்த்தாள், தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினாள், இரண்டையும் என்னிடம் நீட்டினாள்.

“என் பேரா இருந்தா நானே கீறியிருப்பேன். அவ பேரை நீங்க எடுத்தீங்க. நீங்களே வைங்க.”

“முப்பது பேர்” என்று ஆரம்பித்தேன்.

“அவங்கல்லாம் சொல்லியாச்சு அண்ணாச்சி. நீங்கதான் பாக்கி.”

சுப்பாத்தா பக்கத்தில் வந்து நின்றாள். “பைய எழுதும். வழுக்கும்” என்றாள்.

வழுக்கத்தான் செய்தது. நாற்பது வருஷம் எழுதிய கை, பித்தளையில் ஐந்து எழுத்துக்கு வியர்த்துப்போயிற்று. நெரித்த அந்தக் கழுத்து சின்னது, இரண்டு முறை ஊக்கு நழுவி விரலில் ஏறியது. மூன்றாவது எழுத்தில், பஸ் ஏறும் முன்னால் அம்மா கேட்டான்னு சொல்லுங்க என்ற அவள் அண்ணனின் முகம் வந்தது. முடித்து மேஜை மேல் வைத்தேன். இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு நாள் இருக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கணக்குப்பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்தார். தபால்காரரும் ரேஷன் கடைக்காரரும் கிட்ட வந்தார்கள். ரைட்டர் தோட்டாவை எடுத்து ரத்தத்தைத் துடைத்தார், அடியைப் படித்தார், பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பிக் கழுத்தைப் பார்த்து, சாட்சிகளுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தார்.

“முப்பிடாதி.”